பின்களத்தில் நிற்பவர்கள்: கால்பந்துக் கேள்வி – பதில்

சென்ற மாதம் இப்பகுதியில் முன்கள வீரர்களைப் பற்றிய கேள்விகளுக்கு விடையளித்திருந்தேன். கோல் அடிப்பவர்களைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, கோலைத் தடுப்பவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டுப் பல வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். அவர்கள் கேட்டது நியாயம். எனவே இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் இந்தியத் தடுப்பாட்டக்காரர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களின் சாரத்தை மட்டும் சுருக்கிக் கேள்வியாகத் தந்துள்ளேன்.

என் மகனுக்குப் பதினைந்து வயது. ஐந்து ஆண்டுகளாக முன்களத்தில் ஆடிப் பள்ளிப் போட்டிகளில் நிறைய கோல் அடித்தவன். புதிதாக வந்த பயிற்சியாளர் அவனை ஸ்டாப்பர் (பின்களத்தின் நடுவில் நின்று தடுப்பவர்) இடத்துக்கு மாற்றிவிட்டார். அன்று முதல் சோர்ந்துபோய் இருக்கிறான். இது அவனைத் தரம் தாழ்த்துவதாகாதா ஐயா?
(தூத்தூரிலிருந்து ஒரு தந்தை)

ஆகாது. உங்கள் கடற்கரை கால்பந்துக்குப் பேர்போனது. பக்கத்து இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் இந்திய அணி வரைக்கும் போனதை நீங்கள் அறிவீர்கள். அங்கே வளரும் பிள்ளைகள் எல்லோரும் பந்தை வெட்டிக்கொண்டு கோலை நோக்கி ஓடத்தான் ஆசைப்படுவார்கள். ஒரு பயிற்சியாளர் கோல் அடிக்கும் பையனை எடுத்துப் பின்னால் நிறுத்துகிறார் என்றால், கோலைவிட அரிதான ஒன்றை அவனிடம் கண்டிருக்க வாய்ப்பு அதிகம். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கமாக அது இருக்கலாம். எதிராளி பந்தோடு நேராக வரும்போது அவசரப்பட்டுக் காலை நீட்டாமல், அவனை ஓரத்துக்கு ஒதுக்கித் தாமதப்படுத்தும் பொறுமையாக இருக்கலாம். உங்கள் மகன் இடதுகால்காரன் என்றால் இன்னும் நல்லது. இடது பக்க ஸ்டாப்பராக ஆடக்கூடிய, இடதுகாலால் நீண்ட பந்தைத் துல்லியமாகக் கொடுக்கக்கூடிய இந்திய வீரர்கள் எப்போதுமே குறைவு.

ஆட்ட விதிகளும் இந்த இடத்தின் மதிப்பை உயர்த்திவிட்டன. தன் அணிக்காரர் காலால் வேண்டுமென்றே திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் பிடிக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்தது. கோல் கிக் எடுக்கும்போது பந்து பெனால்டி பரப்பை விட்டு வெளியேறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்ற மாற்றம் 2019இல் வந்தது. இவ்விரண்டுக்கும் பிறகு, அணியின் தாக்குதலைத் தன் கோலுக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கிவைக்கும் பொறுப்பு ஸ்டாப்பரின் காலுக்கு வந்துவிட்டது. முன்களத்தில் ஆடிய ஐந்து ஆண்டுகளில் உங்கள் மகன் கற்றுக்கொண்ட பந்துக் கட்டுப்பாடு எதுவும் இங்கே வீணாகாது.

ஒரு பருவம் முழுவதும் அவனை அந்த இடத்தில் ஆடவிடுங்கள். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்போது, இன்று எத்தனை கோல் என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இன்று உன் முதுகுக்குப் பின்னால் எத்தனை முறை பந்து போயிற்று என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவன் யோசித்து விடை சொல்லத் தொடங்கும் நாளில் சோர்வு போய்விடும்.

ஒரு இந்தியத் தடுப்பாட்டக்காரரின் தொழில் வாழ்க்கை தொடக்கம் முதல் எப்படிச் செல்கிறது என்பதை ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்து விளக்க முடியுமா?
(மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

சந்தேஷ் ஜிங்கானை எடுத்துக்கொள்கிறேன். இந்தத் தொழிலில் ஒருவருக்கு நேரக்கூடிய நல்லதும் கெட்டதும் ஏறத்தாழ முழுவதுமாக அவருக்கு நேர்ந்திருக்கின்றன.

1993 ஜூலையில் சண்டிகரில் பிறந்த ஜிங்கான், அந்நகரத்தின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கால்பந்து அகாடமியில் பயின்றார். 2011இல் அவருக்கு முதல் தொழில்முறை வாய்ப்பைக் கொடுத்தது, முன்னாள் இந்திய அணித் தலைவர் பாய்ச்சுங் பூட்டியா உருவாக்கிய யுனைடெட் சிக்கிம் கழகம். அப்போது அது தேசிய லீக்கான ஐ-லீக்கின் இரண்டாம் பிரிவில் இருந்தது. கூட்டமும் தொலைக்காட்சியும் இல்லாத ஆட்டங்களில்தான் அவர் தொழிலைக் கற்றார். பெரும்பாலான தடுப்பாட்டக்காரர்களுக்கு இந்தக் கட்டம் இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிக்கும். முன்கள வீரன் பத்தொன்பது வயதில் ஒரே மாலையில் மூன்று கோல் அடித்துப் பெயர் பெற்றுவிடலாம். ஸ்டாப்பருக்கு அப்படி ஒரு மாலை வாய்ப்பதில்லை. அவரைப் பயிற்சியாளர் நம்புவதற்கு இருபது முப்பது ஆட்டங்கள் தேவைப்படுகின்றன.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது ஜிங்கானைக் கேரளா பிளாஸ்டர்ஸ் எடுத்துக்கொண்டது. முதல் பருவத்திலேயே அந்த அணி இறுதிப் போட்டியை எட்டியது. அத்தொடரின் வளரும் வீரர் விருது இருபத்தொரு வயது ஜிங்கானுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே தேசிய அணிக்கு ஆடினார். 2020 வரை ஒரே கழகத்தில் இருந்து, 2017இல் அணித் தலைவருமானார். நான்கு பேர் கொண்ட பின்வரிசை ஆஃப்சைடு கோட்டை ஒன்றாக ஏற்றி இறக்குவதற்கு, பக்கத்தில் நிற்பவன் எப்போது முன்னேறுவான், எப்போது பின்வாங்குவான் என்பது உடம்பில் ஊறியிருக்க வேண்டும். கழகம் மாறும்போதெல்லாம் அந்தப் பழக்கத்தை முதலிலிருந்து உண்டாக்க வேண்டியிருக்கிறது. எனவே, தொடக்க ஆண்டுகளில் கூடுதல் சம்பளத்துக்காக ஆண்டுதோறும் கழகம் மாறும் இளம் தடுப்பாட்டக்காரர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

2019 அவரது வாழ்க்கையின் உச்சமும் சரிவும் சேர்ந்து வந்த ஆண்டு. அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று தோஹாவில், அப்போதைய ஆசிய சாம்பியன் கத்தாரை இந்தியா கோலின்றிச் சமன் செய்த உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தில் பின்களத்தின் நடுவில் நின்றவர் ஜிங்கான். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியுடன் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. அவர் இல்லாமல் அடுத்த வாரம் கொல்கத்தாவில் ஆடிய இந்தியா, வங்கதேசத்துடன் 1–1 என்று சமன் செய்தது. ஜிங்கானுக்கோ அந்தக் கழகப் பருவம் முழுவதும் போயிற்று. 2020இல் அவரும் கேரளா பிளாஸ்டர்சும் பிரிந்தார்கள்.

பிறகு வந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். 2020–21இல் கொல்கத்தாவின் ஏடிகே மோகன் பகான் கழகத்துக்கு ஆடி இறுதிப் போட்டி வரை சென்றார். அர்ஜுனா விருதும், 2021இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருதும் வந்தன. அந்த உயரத்திலிருந்து 2021 ஆகஸ்டில் குரோஷியாவின் ஷிபெனிக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே காயமடைந்து, முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2022 ஜனவரியில் திரும்பினார். அதற்குப் பின் பெங்களூரு எஃப்சி, 2023 முதல் எஃப்சி கோவா. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் சிரியாவுக்கு எதிராக மறுபடியும் காயம், மறுபடியும் பல மாத ஓய்வு. 2025 ஆகஸ்டில் மத்திய ஆசிய நேஷன்ஸ் கோப்பையில் தஜிகிஸ்தானை 2–1 என்று இந்தியா வென்றபோது இரண்டு கோல்களையும் அடித்தவர்கள் அன்வர் அலியும் ஜிங்கானும். ஸ்டாப்பர் இடத்தின் இருவருமே கோல் அடித்த அந்த நாளுக்கு மூன்று நாள் கழித்து, ஈரானுடன் ஆடும்போது ஜிங்கானின் முக எலும்பு முறிந்தது.

பதினான்கு ஆண்டுகள், பெரிய காயங்கள் நான்கு. அப்படியிருந்தும் முப்பத்திரண்டு வயதில் அவர் இந்திய அணியின் தேர்வுப் பட்டியலில் இருந்தார் என்பதைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இவருடைய கோல் எண்ணிக்கையைக் கேட்டால் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு காயத்துக்குப் பிறகும் பயிற்சியாளர் ஒருவர் வந்து, இவரையே நடுவில் நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறாரே, தடுப்பாட்டக்காரரின் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

நான் பெரம்பூரில் ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் நன்றாக ஆடுபவனுக்கு வேலை கிடைக்கும். ஆட்டம் போனாலும் சோறு போகாது. இப்போது எல்லாம் ஒப்பந்தம். எது நல்லது?
(சென்னையிலிருந்து ஒரு மூத்த வாசகர்)

ஐயா, நீங்கள் கேட்டது எளிய கேள்வி அன்று. நான் பல காலமாகத் தடுமாறிக்கொண்டிருக்கும் கேள்வி. இந்தியக் கால்பந்தின் முதுகெலும்பாக அரை நூற்றாண்டு இருந்தது அலுவலக வேலைதான். 1951 ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வென்று தந்த அணித் தலைவர், இடது பின்கள வீரர் சைலேன் மன்னா, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே 1942 முதல் 1960 வரை மோகன் பகானுக்கு ஆடினார். சென்னையில் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை), தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை ஆகிய அணிகள் எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றின என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள்.

ஒப்பந்தமுறையின் நன்மை பயிற்சியில் தெரிகிறது. காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம் என்று ஓடியவர், நாள் முழுவதும் உடற்பயிற்சியாளரும் உணவு வல்லுநரும் சூழ இருப்பவரோடு தொண்ணூறு நிமிடம் போட்டியிட முடியாது. பணமும் உயர்ந்திருக்கிறது. 2017இல் சூப்பர் லீக்கின் வீரர் தேர்வில் ஸ்டாப்பர் அனஸ் எடத்தொடிகாவுக்கு 1.10 கோடி ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. அந்தத் தேர்வில் அதற்கு மேல் எவருக்கும் விலை வைக்கப்படவில்லை.

ஆனால் 2025 ஜூலையில் என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம். சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் 2010 டிசம்பரில் கையெழுத்தான பதினைந்தாண்டு ஒப்பந்தம் முடிவுக்கு வரவிருந்த நிலையில், அடுத்த ஏற்பாடு தெளிவாகாததால் சூப்பர் லீக்கின் புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. சில கழகங்கள் சம்பளத்தையே நிறுத்தின. இந்திய அணிக்கு ஆடியவர்களே அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்று காத்திருந்தார்கள். நீங்கள் சொன்ன 'சோறு போகாது' என்ற உறுதி அன்று எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும்!

என் கருத்தைக் கேட்டால், முதல் வரிசைக் கழகம் ஒன்று இரண்டு ஆண்டுக்குக் குறையாத ஒப்பந்தம் தந்தால் இருபத்திரண்டு வயதுப் பையன் துணிந்து போகலாம். அதற்குக் கீழே உள்ள கழகங்கள் ஒரு பருவத்துக்கு மட்டும் அழைக்கும்போது, கையில் ரயில்வே வேலையோ ராணுவ வேலையோ காவல்துறை வேலையோ இருந்தால் அதை விட்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குத் தேவையான சான்றிதழ்களை, ஆடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே வாங்கிப் பத்திரப்படுத்திவைப்பது அவசியம். ஆட்டத்தை விட்ட பிறகு அலைந்து வாங்குவது பெரும்பாடு.

பெரும்பாலான கழகங்கள் ஸ்டாப்பர் இடத்துக்கு வெளிநாட்டவரையே தேடுவது ஏன்?
(காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்)

பிழைக்கு இடமில்லாத இடம் என்பதால், அனுபவத்தை விலைகொடுத்து வாங்கிவிடுகிறார்கள். 2014இல் களத்தில் ஆறு வெளிநாட்டவர் இருக்கலாம்; 2017–18இல் அது ஐந்தானது; 2021–22 முதல் நான்கு. ஒவ்வொரு குறைப்பும் இந்தியத் தடுப்பாட்டக்காரர்களுக்கு இடம் திறந்தது. முதலில் பக்கவாட்டுப் பின்கள இடங்கள் இரண்டும் நம்மவருக்கு வந்தன, பிறகு நடுவில் ஒன்று. மோகன் பகானின் அணித் தலைவர் சுபாசிஷ் போஸ் 2024–25இல் பின்களத்தில் ஆடிக்கொண்டே ஆறு கோல் அடித்து லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றார். இதைப் பார்த்த பிறகும் ஒரு கழகம் தயங்கினால் அது பழக்கதோஷம்தான்.

என் தம்பிக்குப் பத்தொன்பது வயது. வேறு மாநிலக் கழகம் ஒன்று ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?
(திருவள்ளூரிலிருந்து ஒரு சகோதரி)

அம்மா, முதலில் காலத்தைப் பாருங்கள். ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் குறைந்தது அந்தப் பருவத்தின் முடிவு வரை இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு மூன்று ஆண்டுதான் உச்சவரம்பு. 'மருத்துவப் பரிசோதனையில் தேறினால் மட்டுமே இந்த ஒப்பந்தம் செல்லும்' என்று ஒரு வரி இருக்குமானால் அதை நீக்கச் சொல்லுங்கள்; அப்படி ஒரு நிபந்தனை வைக்க அதே விதிகள் இடம் தருவதில்லை. பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே நடத்திக்கொள்வது கழகத்தின் கடமை.

சம்பளத் தேதி, தங்குமிடம், காயம் ஏற்பட்டால் அறுவை சிகிச்சைச் செலவையும் குணமாகும் காலத்துச் சம்பளத்தையும் யார் ஏற்பது, இவையெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னார்கள் என்பது எங்கும் எடுபடாது. தடுப்பாட்டக்காரர் என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். மோதல் மிகுந்த இடத்தில் ஆடுகிறவர் காயத்தைப் பற்றிய வரியைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. இரண்டு மாதச் சம்பளம் சட்டத்துக்குப் புறம்பாக நிலுவையானால், பதினைந்து நாள் கெடு வைத்து எழுத்தில் அறிவித்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வீரருக்கு உண்டு. ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதங்களில் வேறு கழகத்தோடு பேசவும் உரிமை உண்டு. அதற்கு முன்பே பேசி, பழைய ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே மாறுவது பெருஞ்சிக்கலில் கொண்டுபோய் விடும். 2024இல் அன்வர் அலி மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு மாறியது சம்மேளனத்தின் குழு வரை, பிறகு டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்றதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அவரைப் போன்ற பெரிய வீரருக்குப் பின்னால் வழக்கறிஞர்களை நிறுத்தக் கழகங்கள் உண்டு. உங்கள் தம்பிக்கு அப்படி யாரும் இருக்க மாட்டார்கள்.

முகவர் என்று யாராவது வந்தால் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். தேர்வு எழுதித்தான் அந்த உரிமம் பெற முடியும். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தின் நகலும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட விதிகளை நீங்கள் படிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காட்டிக் கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டாம். அவசரமாக நாளைக்கே கையெழுத்து வேண்டும் என்று எவரேனும் வற்புறுத்தினால் தாராளமாக மறுத்துவிடுங்கள்.

இதயக் கோளாறு இருப்பதாகக் கண்டறியப்பட்ட ஒருவர் மீண்டும் தொழில்முறையில் ஆட முடியுமா? அன்வர் அலிக்கு நடந்தது சரியா?
(வேலூரிலிருந்து ஒரு இயன்முறை மருத்துவ மாணவி)

பஞ்சாபின் ஆதம்பூரைச் சேர்ந்த அன்வர் அலி 2000இல் பிறந்தவர். 2017இல் இந்தியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடினார். 2018இல் ஸ்பெயினில் இருபது வயதுக்குட்பட்ட இந்திய அணி அர்ஜென்டினாவை 2–1 என்று வென்றபோது ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தவரும் அவரே. அடுத்த ஆண்டு மும்பை சிட்டி கழகத்துக்காக நடந்த பரிசோதனையில் இதயத் தசை தடிப்பு நோயின் ஒரு வகை இருப்பது தெரிந்தது. 2020இல் சம்மேளனம் அவரை ஆட வேண்டாம் என்று நிறுத்தியது. அவர் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். 2021இல் அனுமதி கிடைத்து எஃப்சி கோவாவில் சேர்ந்தார். 2022 மார்ச்சில் பஹ்ரைனுக்கு எதிராக மூத்தோர் இந்திய அணியில் அறிமுகமானார்.

சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். அவரை நிறுத்தியவர்களின் அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். களத்தில் ஓர் இளைஞன் சரிந்து விழுவதைப் பார்க்க நேர்ந்தால் அதற்கு யார் பொறுப்பு? அதே சமயம், அந்த நோயில் ஆபத்தின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. மரபு, மயக்க வரலாறு, உழைப்பின்போது இதயத் துடிப்பு நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றைப் பார்த்து இதய மருத்துவர்கள் தனித்தனியே முடிவு சொல்ல வேண்டிய விஷயம் இது. அன்வர் அலிக்கு அத்தகைய முடிவு கிடைக்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன. பத்தொன்பது, இருபது வயதில் போன ஆண்டுகள் அவை. அவர் நீதிமன்றம் வரை போகத் துணிந்ததால்தான் நமக்குத் தெரிந்தது. துணிய முடியாமல் வீட்டுக்குப் போனவர்கள் இருந்திருப்பார்கள் என்பதை நினைக்கும்போது, மாவட்ட அளவிலேயே மின் இதயப் பதிவும் எக்கோ பரிசோதனையும் பதினைந்து வயதில் நடத்தப்பட வேண்டும் என்று வற்புறுத்தத் தோன்றுகிறது. உங்களைப் போன்றவர்கள் பணிக்கு வந்ததும் இதைக் கேளுங்கள்.

முழங்கால் தசைநார் கிழிவைப் பற்றியும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும் என்பதை வீரரிடமும் கழகத்திடமும் தயங்காமல் சொல்லுங்கள். அவசரப்பட்டு ஆறாம் மாதத்தில் இறங்கி மீண்டும் கிழித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தியா கண்ட தடுப்பாட்டக்காரர்களிலேயே மிகச் சிறந்தவர் யார் என்பீர்கள்?
(தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்)

ஜர்னைல் சிங். சைலேன் மன்னாவைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியா பிரான்சிடம் 1–2 என்று தோற்ற ஆட்டத்தில் வீணான இரண்டு பெனால்டிகளில் ஒன்று அவர் உதைத்தது என்பதும், அந்த வருத்தத்தைத் தாண்டி மூன்றாண்டில் ஆசியத் தங்கத்தை அவர் ஏந்தினார் என்பதும் ஒரே மனிதரின் கதைகள். ஆனாலும் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை நினைத்தால் என் விடை மாறுவதில்லை.

இன்றைய பாகிஸ்தானின் லயல்பூரில் 1936இல் பிறந்து, பிரிவினையின்போது பஞ்சாபின் இப்பகுதிக்கு வந்த ஜர்னைல், மோகன் பகானின் ஸ்டாப்பர். ஜகார்த்தாவில் தாய்லாந்துடன் ஆடும்போது தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியிருந்தது. அடுத்து அவரை உட்கார வைப்பதா என்ற நிலையில், பயிற்சியாளர் ரஹீம் எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார்: தையலோடு இருந்த தடுப்பாட்டக்காரரை முன்கள நடுவில் இறக்கினார். தென் வியட்நாமுடனான அரையிறுதியில் ஜர்னைல் கோல் அடித்தார். செப்டம்பர் 4 அன்று இறுதிப் போட்டி. போட்டி அமைப்பைப் பற்றிய அரசியல் சர்ச்சையால் அரங்கமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. எதிரே, முதல் ஆட்டத்தில் இந்தியாவை 2–0 என்று வென்றிருந்த தென் கொரியா. பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார், ஜர்னைல் இரண்டாவதை அடித்தார். இந்தியா 2–1 என்று வென்றது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு நமக்குத் தங்கம் கிடைத்ததில்லை.

ஒரு ஸ்டாப்பர் முன்களத்துக்குப் போய் எப்படிக் கோல் அடித்தார் என்று வியப்பவர்களுக்கு: தன் தொழில் முழுவதும் எந்த இடத்துக்குப் பந்து வந்தால் ஆபத்து என்று கணித்துக்கொண்டே இருந்தவர் அவர். அந்த இடத்துக்கு இம்முறை தானே ஓடினார். தூத்தூர் தந்தை இதைத் தம் மகனுக்குப் படித்துக் காட்டலாம்.

எனக்கு இருபத்து நான்கு வயது. சென்னை சீனியர் டிவிஷனில் நான்கு ஆண்டுகளாக ஸ்டாப்பர். ஐ-லீக், சூப்பர் லீக் எதிலும் அழைப்பு இல்லை. வயது கடந்துவிட்டதா? விட்டுவிடலாமா?
(சென்னையிலிருந்து ஒரு வீரர்)

தம்பி, அனஸ் எடத்தொடிகாவின் பெயரை மேலே சொன்னேன். மலப்புறம் மாவட்டத்தின் கொண்டோட்டிக்காரர்; இளவயதில் ஆட்டோ ஓட்டியிருக்கிறார். மும்பை எஃப்சி இரண்டாம் பிரிவில் இருந்தபோது அதில் சேர்ந்தவர், பிறகு புனே, டெல்லி என்று ஆடினார். 2017 மார்ச்சில் கம்போடியாவுக்கு எதிராக இந்தியாவுக்கு முதன்முதலாக ஆடும்போது அவருக்கு முப்பது வயது. உங்களைவிட ஆறு ஆண்டு மூத்தவராக அவர் அந்த உடையை அணிந்தார். தடுப்பாட்டக்காரருக்கு வேகம் குறையும் வயதில் கணிப்பு கூடிக்கொண்டிருக்கும். இருபத்தேழிலிருந்து முப்பத்திரண்டு வரை பலர் தங்கள் மிக நல்ல ஆட்டத்தை ஆடுகிறார்கள்.

ஆனால் காத்திருந்தால் மட்டும் அழைப்பு வராது. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபிக்கான மாநிலத் தேர்வுக்குக் கட்டாயம் போங்கள்; கழகங்களின் ஆட்கள் வந்து பார்க்கும் போட்டி அது. உங்கள் ஆட்டத்தின் காணொளியை அனுப்பும்போது, தலையால் முட்டியதையும் சறுக்கித் தடுத்ததையும் மட்டும் தொகுத்து மூன்று நிமிடத் துண்டாக அனுப்பாதீர்கள். எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்கள். கடைசி நிமிடம் வரை முழுமையாகப் பதிவான ஒரு ஆட்டத்தை, நீங்கள் ஒரு பிழை செய்து கோல் விட்ட ஆட்டமாக இருந்தாலும், அப்படியே அனுப்புங்கள். பந்து உங்களிடம் இல்லாத எண்பது நிமிடமும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், பக்கத்து ஆளிடம் எப்போது கத்துகிறீர்கள், கோல் விட்ட அடுத்த ஐந்து நிமிடத்தில் எப்படி ஆடுகிறீர்கள் என்பதைத்தான் நல்ல பயிற்சியாளர் பார்ப்பார். கேமராவை மைய வட்டத்துக்கு நேராக, முடிந்த அளவு உயரமான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பின்வரிசை நால்வரும் எப்போதும் படத்துக்குள் தெரிய வேண்டும்.